மனசுக்கும் ஒரு லேகியம்

(தலைப்பு: இன்றைய குடும்பங்களுக்குப் பண்டிகைகள் தருவது மகிழ்ச்சியா? மன உளைச்சலா? ‘மகிழ்ச்சியே’ என்ற அணியில் பேசியது.)

எதிரே அமர்ந்து எங்களை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்பு நண்பர்களே! வீட்டில் ஒரு கையில் இட்லித் தட்டும் மறு கையில் ரிமோட்டுமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற நேயர்களே! எல்லோருக்கும் என் தீபாவளி வணக்கம்.

அய்யா, முதலில் ஒரு உண்மையை உடைச்சிடறேன். வீட்டில் இருக்கிறவர்கள் இதைத் தீபாவளியன்று காலையில் பார்ப்பீர்கள். ஆனால் நாங்கள் இதைப் பேசிக்கொண்டிருப்பது புரட்டாசி மாதத்தில். வெளியே ஜனங்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு பெருமாள் கோயிலுக்குப் போகிறார்கள். உள்ளே நாங்கள் தீபாவளி வாழ்த்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். (சிரிப்பு) ஏன்? தொலைக்காட்சிக்காரர்களுக்குத் தெரியும், தீபாவளியன்று காலையில் நடுவரைத் தேடினால் அவர் தலை நிறைய எண்ணெயோடு மணையில் உட்கார்ந்திருப்பார். அதனால் ஒரு மாசம் முன்னாலேயே வேலையை முடிச்சுட்டாங்க. தீபாவளியன்று அவங்க நிம்மதியா இருப்பாங்க. இவங்களுக்கு இருக்கிற இந்தப் புத்தி நம்ம வீடுகளுக்கும் வந்துட்டா, இன்னிக்கு இந்தப் பட்டிமன்றத்துக்கே வேலை இல்லை அய்யா! (கைதட்டல்)

எதிரணியினர் நன்றாகத்தான் பேசினார்கள். அந்த அணித் தலைவர் கடன் கணக்கு சொன்னார். இளைஞர் ஒருவர் வந்து பேருந்து நிலையத்தில் பட்ட பாட்டைச் சொன்னார். கடைசியாகப் பேசிய சகோதரி ஒரு வார்த்தை சொன்னார்: “பண்டிகைன்னா ஆம்பளைக்கு லீவு, பொம்பளைக்கு ஓவர்டைம்.” அதற்கு நான் கைதட்டினேன். என் அணித் தோழர் என் கையைப் பிடித்து, “சார், நீங்க நம்ம அணி” என்று ஞாபகப்படுத்தினார். (சிரிப்பு) இல்லை அய்யா, தெரிந்துதான் தட்டினேன். அந்தச் சகோதரி சொன்னது உண்மை. அந்த உண்மையை என் வீட்டிலேயே நான் பார்த்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தீபாவளி. மூன்று ஊர்களில் பட்டிமன்றம் பேசிவிட்டு, முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். மூன்று ஊரிலும் நான் பேசியது என்ன தெரியுமா? இல்லற இன்பம்! (சிரிப்பு) அடுப்படியில் விளக்கு எரிகிறது. என் துணைவியார் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருக்கிறார். “இன்னும் தூங்கலையா?” என்று கேட்டேன். கேள்வியைப் பாருங்கள்! கொதிக்கிற எண்ணெய் முன்னால் உட்கார்ந்து யாராவது தூங்க முடியுமா? இப்படிக் கேட்டவனுக்குத்தான் டாக்டர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள். (பலத்த சிரிப்பு)

மறுநாள் விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்தார். வெந்நீர் போட்டார். எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்தார். இட்லி ஊற்றினார். கறிக்குழம்பு வைத்தார். வந்தவர்களுக்குப் பரிமாறினார், போனவர்களுக்குப் பலகாரம் கட்டிக் கொடுத்தார். சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது. அவருக்கு எடுத்த புதுப்புடவை ஓரத்தில் மஞ்சள் தடவினபடி, மடிப்புக்கூடக் கலையாமல் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. அவர் அடுப்படித் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நான் போய், “என்ன, புதுப்புடவை கட்டலையா?” என்றேன்.

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை அய்யா. கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார்: “ஏங்க, அடுத்த வருஷம் தீபாவளி வராமலே போயிட்டா நல்லாயிருக்கும்ங்க.”

இருபத்தைந்து வருஷமாக மேடை மேடையாகப் பண்டிகைகளின் பெருமையைப் பேசுகிறவன் நான். அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்படியானால் நீ எதிரணியில் அல்லவா உட்கார வேண்டும் என்று கேட்பீர்கள். இல்லை அய்யா. அன்றைக்கு ராத்திரி நான் யோசித்தேன். அவரை அப்படிச் சொல்ல வைத்தது தீபாவளியா? நாங்களா? நாற்பது பேர் ஏறுகிற பேருந்தில் நூறு பேர் ஏறி அது குடை சாய்ந்தால், ரோட்டைத் திட்டி என்ன பயன்? பண்டிகை என்பது ரோடு. சுமையை ஏற்றினது நாம். அதுவும் ஒரே ஆள் தலையில் ஏற்றினோம். (கைதட்டல்)

நம் முன்னோர்கள் பண்டிகையைச் சுமையாகவா வைத்தார்கள்? பொங்கலைப் பாருங்கள். முதல் நாள் போகி. வீட்டைச் சுத்தம் செய்ய, பழையதைக் கழிக்க என்றே ஒரு நாள். இரண்டாம் நாள் பொங்கல். மூன்றாம் நாள், நமக்காக உழைத்த மாட்டுக்கு நன்றி. நாலாம் நாள் காணும் பொங்கல். உற்றார் உறவினரைச் சும்மா போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வர ஒரு நாள். ஆயத்தத்துக்கு ஒரு நாள், ஓய்வுக்கு ஒரு நாள்! இதைவிட நல்ல அட்டவணையை எந்த மேனேஜர் போட்டுக் கொடுப்பார்? ஆனால் நாம் என்ன செய்கிறோம்? போகிக்குச் செய்ய வேண்டியதைப் பொங்கலன்று காலையில் செய்கிறோம். காணும் பொங்கலன்று படுத்த படுக்கையாகக் கிடக்கிறோம். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறார்கள்! (சிரிப்பு)

தீபாவளிக்கு வருவோம். எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் நம் வாயில் முதலில் விழுவது எது? ஜாங்கிரியா? இல்லை. லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் இடித்து, வெல்லமும் நெய்யும் விட்டுக் கிளறின லேகியம். என்ன அர்த்தம்? இன்றைக்கு நீ அளவில்லாமல் சாப்பிடப் போகிறாய், உன் வயிறு தாங்காது என்று நம் பாட்டிக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. பலகாரத்துக்கு முன்னாலேயே மருந்தைத் திட்டம் போட்டு வைத்த சமுதாயம் அய்யா இது! வயிற்றுக்கு லேகியம் வைத்தார்கள். மனசுக்கு ஒரு லேகியம் கிளறி வைத்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. அந்த லேகியத்தில் இரண்டே சரக்குதான். ஒன்று திட்டம். இன்னொன்று நல்ல மனசு.

திட்டம் என்றால் என்ன என்று வள்ளுவர் சொல்லி வைத்திருக்கிறார். 47-ஆவது அதிகாரம் தெரிந்து செயல்வகை. 48 வலியறிதல். 49 காலமறிதல். மூன்றும் அடுத்தடுத்து. “அய்யா, அது போருக்குப் போகிற மன்னனுக்குச் சொன்னது” என்று எதிரணியினர் எழுந்திருப்பார்கள். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதுரை விளக்குத்தூண் பக்கம், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி எடுக்கப் போய்ப் பாருங்கள். அது போரா இல்லையா என்று அப்புறம் சொல்லுங்கள்! (பலத்த சிரிப்பு)

முதலில் தெரிந்து செயல்வகை. எந்த வேலை, யார் வேலை என்று தெரிய வேண்டும். அந்தத் தீபாவளி முடிந்து கார்த்திகை பிறந்ததும், நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்து துணைவியாரிடம் கொடுத்தேன். “தீபாவளிக்கு இந்த வீட்டில் என்னென்ன வேலை நடக்குது? எல்லாத்தையும் எழுது. பக்கத்தில் யார் செய்யறாங்கன்னும் எழுது” என்றேன். ஒட்டடை அடிப்பதில் ஆரம்பித்து, கடைசிப் பாத்திரம் கவிழ்ப்பது வரைக்கும் நாற்பத்தொரு வேலை. அதில் என் பெயர் மூன்று இடத்தில் இருந்தது. பட்டாசு வாங்குவது. கறி வாங்குவது. மூன்றாவதும் ஒன்று இருந்தது, ஆர்வமாகப் பார்த்தேன். ‘எண்ணெய் தேய்த்துக்கொள்வது’! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) தேய்த்து விடுவதுகூட அவர்தான். தேய்த்துக்கொள்வது மட்டும் நான்.

அந்த நோட்டை நடுவில் வைத்து நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி கேட்டோம். “இதை யாருக்காகச் செய்யறோம்?” ஏழு வகைப் பலகாரம் செய்து வந்தோம். யாருக்காக? நாங்கள் விரும்பிச் சாப்பிடுவது மூன்றுதான். மற்ற நாலும் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதற்காகச் செய்தது. அடித்துவிட்டோம். அந்த மூன்றில் ஒன்றை எங்கள் தெருவிலேயே பலகாரம் போட்டு விற்கிற அம்மாவிடம் சொல்லி வைத்தோம். அவருக்கும் நாலு காசு கிடைத்தது. அந்த வருஷம் வந்த விருந்தாளிகளில் ஒருவராவது “ஏன் லட்டு செய்யலை?” என்று கேட்டாரா? கிடையாது அய்யா. அவர் வீட்டிலேயே எட்டு வகை சாப்பிட்டுவிட்டு, நம் வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே “போதும், போதும்” என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்! (சிரிப்பு)

மிச்ச வேலைகளைப் பங்கு போட்டோம். ஒட்டடை எனக்கு. முறுக்கு மாவு அரைக்க மில்லுக்குப் போவது எனக்கு. தையல்காரரிடம் நடப்பது மகனுக்கு. அதிரசம் மகளுக்கு. முறுக்கு பத்து நாள் கெடாது. அதை ஏன் கடைசி ராத்திரி பதினோரு மணிக்குப் பிழிய வேண்டும்? ஒரு வாரம் முன்னாலேயே பிழிந்து டின்னில் போட்டாகிவிட்டது. டின்னை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் என் துணைவியாருக்கு இருந்த ஒரே கவலை. எங்கே வைத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும்! (சிரிப்பு)

இரண்டாவது, வலியறிதல். நம் பலம் எவ்வளவு, நம் பை எவ்வளவு என்று அறிதல். அந்த அதிகாரத்தில் வள்ளுவர் குடும்பக் கணக்கும் பேசுகிறார். வரவு சின்னதாக இருக்கிறதே என்று அவர் பயப்படவில்லை. செலவு பெரிதாகிவிடக் கூடாதே என்றுதான் பயப்படுகிறார்.

எதிரணித் தலைவர் தீபாவளிக் கடனைச் சொன்னார். நானும் ஒரு கணக்கு சொல்கிறேன். தீபாவளிக்கு இருபதாயிரம் ரூபாய் மூணு வட்டிக்கு வாங்குகிறோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். மாதம் 600 ரூபாய் வட்டி. வருஷத்துக்கு 7,200 ரூபாய். அசல் அப்படியே நிற்கிறது! ஒரு நாள் வெடித்த வெடிக்கு முன்னூற்று அறுபத்தைந்து நாள் புகை. (கைதட்டல்)

வேறு வழி இல்லையா? சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அது என்ன 8.33? நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். போனஸ் வாங்குகிறவர்கள் புண்ணியவான்கள். வாங்காதவர்கள் என்ன செய்வது? தனக்குத் தானே போனஸ் போட்டுக்கொள்ளலாம். தீபாவளிக்குப் பன்னிரண்டாயிரம் வேண்டும் என்றால், கார்த்திகை மாதத்திலிருந்தே மாதம் ஆயிரம் எடுத்து வைக்க வேண்டும். ஆயிரம் முடியாதா? ஐந்நூறு வையுங்கள். ஆறாயிரம் ரூபாய்த் தீபாவளி கொண்டாடுங்கள். கடன் இல்லாத ஆறாயிரம் ரூபாய்த் தீபாவளி, கடன் வாங்கின இருபதாயிரம் ரூபாய்த் தீபாவளியைவிட இனிக்கும். ஏன்? மறுநாள் காலையில் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டால், பயப்படாமல் போய்த் திறக்கலாம்! (கைதட்டல்)

மூன்றாவது, காலமறிதல். அந்த இளைஞர் பேருந்து நிலையக் கஷ்டத்தைச் சொன்னார். தம்பி, ரயிலில் 120 நாள் முன்னால் பதிவு செய்யலாம் என்று இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள் ஆயிற்று. தீபாவளிக்கு 60 நாள் முன்னால் என்றால் ஆவணி மாதம். புது வருஷக் காலண்டர் வந்ததும் தீபாவளி எந்தக் கிழமை என்று எல்லோரும் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால், ஒரு லீவு போச்சே என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். (சிரிப்பு) அப்படியே ஆவணிக்கும் புரட்டி ஒரு வட்டம் போட்டுவிட வேண்டியதுதானே?

நேரத்தைப் பற்றி இன்னொன்று. 2018-இல் உச்சநீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வைத்தார்கள். வெடிக்கு நேரம் குறித்தாயிற்று. அம்மா எத்தனை மணிக்கு அடுப்படியை விட்டு வெளியே வரலாம் என்று எந்த வீட்டிலாவது நேரம் குறித்திருக்கிறோமா? அதற்கு உச்சநீதிமன்றம் வராது அய்யா. அந்தத் தீர்ப்பை நாம்தான் நம் வீட்டில் எழுத வேண்டும். (நீண்ட கைதட்டல்)

நடுவர் மணியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அய்யா, லேகியத்தில் பாதிதான் கிளறியிருக்கிறேன். இப்போது இறக்கினால் பதம் கெட்டுவிடும். (சிரிப்பு)

இவ்வளவு திட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ஐப்பசி மாதம் அடைமழை மாதம். நாம் வாங்கின வெடி மழைக்குத் தெரியாது. நம் கையில் இருப்பதற்குத்தான் திட்டம். கையில் இல்லாததற்கு? அதற்குத்தான் நல்ல மனசு. இந்த மூன்றையும் சொன்ன பிறகு, வள்ளுவர் 63-ஆவதாக ஒரு அதிகாரம் வைக்கிறார்: இடுக்கண் அழியாமை. துன்பம் வந்தால் துவண்டு போகாமல் இருப்பது. வரிசையைக் கவனியுங்கள். 47-இல் திட்டம், 63-இல் மனசு. திட்டமே போடாமல் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு “எல்லாம் நல்லபடியா நடக்கும்” என்று சொல்வது நல்ல மனசு இல்லை அய்யா. அதற்கு வேறு பெயர். வீட்டுப் பெண்கள் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்வார்கள்! (சிரிப்பு)

எங்கள் திட்டம் என்ன ஆயிற்று தெரியுமா? அதிரசம் மகளுடைய வேலை என்றேன் அல்லவா? பாகில் பதம் தவறிவிட்டது. எண்ணெயில் போட்டால் அதிரசம் உருண்டையாக உள்ளே போகிறது, பொடியாக வெளியே வருகிறது. பெண் கண் கலங்கி நிற்கிறாள். பழைய தீபாவளியாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? “ஒரு வேலை உருப்படியாத் தெரியுதா?” என்று அம்மா ஆரம்பித்திருப்பார். “எல்லாம் நீ கொடுத்த செல்லம்” என்று நான் முடித்திருப்பேன். ஆனால் அன்றைக்கு அம்மா அசதியில் இல்லை. தூங்கி எழுந்த முகம். ஒரு கிண்ணத்தில் அந்தப் பொடியை அள்ளி, மேலே கொஞ்சம் நெய்யை விட்டு, ஸ்பூன் போட்டு என்னிடம் நீட்டினார். “இது புதுசுங்க. அதிரசப் புட்டு.” மகள் சிரித்துவிட்டாள். நாங்களும் சிரித்தோம். முதலில் காலியான பலகாரம் அதுதான்! (சிரிப்பு, கைதட்டல்)

நல்ல மனசு வானத்திலிருந்து விழுவதில்லை அய்யா. அதற்கும் கொஞ்சம் தூக்கம் வேண்டும், பாரத்தில் கொஞ்சம் குறைச்சல் வேண்டும். மூன்று நாள் தூங்காத பெண்ணிடம் போய் “சிரிச்சுக்கிட்டே இரும்மா” என்று சொல்வது உபதேசம் இல்லை, அநியாயம்.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. மகனுக்குச் சென்னையில் வேலை. ஆவணியிலேயே டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் போன். “அப்பா, ஆபீஸ்ல கடைசி நேரத்துல லீவு இல்லைன்னுட்டாங்க. முந்தின நாள் ராத்திரி கிளாம்பாக்கத்துல போய் நின்னு, ஏதாவது பஸ் கிடைச்சா நின்னுக்கிட்டாவது வந்துடறேன்.” என் வாயில் வழக்கமான வசனம் தயாராக இருக்கிறது: “நீ வரலேன்னா எங்களுக்கு என்னடா தீபாவளி?” இந்த ஒரு வசனத்தைக் கேட்டுத்தான் எத்தனை பிள்ளைகள் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு வருகிறார்கள், இருக்கிற காசையெல்லாம் ஆம்னி பஸ்ஸுக்குக் கொடுக்கிறார்கள்! பாசம்தான். ஆனால் பாசத்தில் நாம் கட்டுகிற முடிச்சு அவர்கள் கழுத்தை இறுக்குகிறது.

துணைவியார் போனை வாங்கினார். ஒரு நிமிஷம் பேசவில்லை. கண் நிறைந்திருந்தது. அப்புறம் சொன்னார்: “தம்பி, நீ நின்னுக்கிட்டெல்லாம் வர வேண்டாம். நரகாசுரனை என்னிக்கோ கொன்னாச்சு. நீ அடுத்த வாரம் வந்தாலும் அவன் செத்தவன் செத்தவன்தான்.” (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில், உட்கார்ந்து, தூங்கி, பிள்ளை வந்து சேர்ந்தான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஞாயிற்றுக்கிழமை இட்லி, கறிக்குழம்பு. தேதியைப் பஞ்சாங்கம் குறிக்கட்டும் அய்யா. சந்தோஷத்தைக் குறிக்கிற உரிமை குடும்பத்துக்கு உண்டு.

நம் மனசைக் கெடுக்கிற இன்னொன்று, பக்கத்து வீடு. அந்தக் காலத்தில் ஒரு பக்கத்து வீடு, ஒரு எதிர் வீடு, அவ்வளவுதான். இப்போது செல்போனைத் திறந்தால் முன்னூறு பக்கத்து வீடு! ஒருத்தர் பட்டுப்புடவை ஸ்டேட்டஸ் போடுகிறார், இன்னொருவர் புதுக் காரை வைக்கிறார். அவர் கார் முன்னால் சிரிக்கிற படம்தான் நமக்குத் தெரிகிறது. தவணை கட்டுகிற படத்தை யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. (சிரிப்பு) தீபாவளியன்று காலையில் கும்பிட வேண்டியது குலதெய்வத்தை. குறுகுறுவென்று பார்க்க வேண்டியது நம் பிள்ளைகள் முகத்தை. மற்ற ஸ்டேட்டஸ் எல்லாம் மத்தியானத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. இழப்பு நேர்ந்த வீட்டில் பண்டிகை வந்தால் புண்ணில் உப்பு வைத்த மாதிரி என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். என் தாயார் இறந்த வருஷத்துத் தீபாவளி எனக்கு ஞாபகம் வருகிறது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. எங்கள் வீட்டு அடுப்படி இருட்டாக இருந்தது. காலை ஏழு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. எதிர் வீட்டு அக்கா தூக்குவாளியோடு நிற்கிறார். அப்புறம் பக்கத்து வீடு, கோடி வீடு. ரம்ஜானுக்கு எங்களுக்குப் பிரியாணி கொடுத்தனுப்புகிற பாய் வீட்டிலிருந்தும் பெரியம்மா வந்தார். யாரும் வாழ்த்து சொல்லவில்லை. “சாப்பிடுங்க தம்பி” என்றார்கள், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள், போனார்கள். மத்தியானம் மேசையைப் பார்க்கிறேன், ஒன்பது பாத்திரம்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது அய்யா. முடியாதவன் இந்த வருஷம் அடுப்பு மூட்ட வேண்டாம், தெரு மூட்டிக்கொள்ளும் என்று நம் முன்னோர்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு தெருவே சேர்ந்து ஒரு வீட்டின் பாரத்தைத் தூக்குகிறது. அதற்குப் பெயர்தான் பண்டிகை. ஒரு வீட்டுப் பாரத்தைத் தெருவே பகிர்ந்துகொள்கிறபோது, ஒரு பெண்ணின் பாரத்தை அவள் வீட்டில் இருக்கிற மூன்று பேர் பகிர்ந்துகொள்ளக் கூடாதா? (நீண்ட கைதட்டல்)

மணி அடித்துவிட்டார். முடித்துவிடுகிறேன்.

போன வருஷத் தீபாவளி. மணி காலை ஏழு. நாங்கள் நாலு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இட்லியை ஊற்றியது மகள். தட்டில் போட்டது மகன். எல்லோர் தலையிலும் எண்ணெய் வைத்தது நான். நான் தேய்த்த தேய்ப்பில் எல்லோர் கண்ணும் சிவந்திருக்கிறது! (சிரிப்பு) என் துணைவியார் புதுப்புடவை கட்டி உட்கார்ந்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு! கல்யாணமாகி வந்த தலைதீபாவளிக்குப் பிறகு, தீபாவளிக் காலையில் அவர் புதுப்புடவையோடு உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்தது இந்தச் சில வருஷங்களாகத்தான்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். என் பக்கம் திரும்பி, “ஏங்க, அடுத்த வருஷம் தீபாவளி என்னிக்கு வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

வராமலே போயிட்டா நல்லாயிருக்கும் என்று சொன்ன அதே வாய் அய்யா. தீபாவளி மாறவில்லை. அதே ஐப்பசி, அதே நரகாசுரன், அதே கறிக்குழம்பு. மாறியது நாற்பது பக்க நோட்டில் இருந்த பெயர்கள். மாறியது நாங்கள்.

ஆகவே, பண்டிகைகள் குடும்பங்களுக்குத் தருவது மகிழ்ச்சியே. மன உளைச்சல் அவற்றுக்கு நாம் போட்டுவிட்ட சட்டை, அதைக் கழற்றவும் நம்மால் முடியும் என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும். இதை வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிற ஆண்மக்களுக்கு ஒரு வேண்டுகோள். இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் ஒரு நடை போய், “நீ சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டுவிட்டு வாருங்கள். விளம்பர இடைவேளை அதற்குத்தான் விடுகிறார்கள்!

(நீண்ட கைதட்டல்)